மதகோடு நின்ற பச்சைக் கோடு

பிள்ளைகளின் பள்ளிக்கூட டீச்சர் ஒரு பெரிய காகிதத்தைப் பெரட்டுக் களத்துச் சிமெந்துத் தரையில் விரித்து, காற்று தூக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்தார். காலையில் பேர் கூப்பிட்டு எங்களைத் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்புகிற களம் அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெறிச்சோடிக் கிடந்தது. காகிதத்தில் எங்கள் டவுனிலிருந்து பள்ளிக்கூடம் வரை பென்சிலால் ரோடு போட்டிருந்தார். "பெரியம்மா, எங்க பயம்னு கைய வச்சுக் காட்டுங்க" என்றார். நான் மதகுக்கு அப்பால் உள்ள வளைவில் விரலை வைத்தேன்.

டீசல் இல்லாமல் பஸ் நின்றுபோன நாட்களில்தான் டீச்சர் சைக்கிள் எடுத்தார். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டும் இறக்கத்தில் ஏறிக்கொண்டும் வருவார். லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் பழைய சைக்கிள்களைத் துடைத்து எடுத்தார்கள். பஸ் திரும்ப ஓடியபோதும் அவர்கள் சைக்கிளை விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் டவுனிலிருந்து சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடப்போகிறார்கள், ஊராரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று செய்தி வந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆனால் அந்த வளைவுக்கு மேலே உள்ள மலையில் நாற்பது வருசம் கொழுந்து எடுத்திருக்கிறேன். அங்கே லொறிகள் மண்திட்டை ஒட்டித்தான் திரும்பும், ஒரு ஆள் ஒதுங்கக்கூட இடம் இருக்காது. மதகிலிருந்து தேயிலை ஃபெக்டரிக்குப் பின்னால் ஒரு பழைய ரோடு போகிறது. அதைத் திறந்துவிட்டால் வளைவைத் தொடாமலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம். நான் சொல்லச் சொல்ல டீச்சர் வரைந்தார். "பாதைன்னா அறுந்து அறுந்து கெடக்கக் கூடாது பெரியம்மா. அறுந்த எடத்துலதான் புள்ளைங்க விழும்" என்றார்.

கூட்டத்தில் நான்தான் எழுந்து பேச வேண்டும் என்று ஏற்பாடு. டீச்சர் அரசாங்க உத்தியோகம். வாய் திறந்தால் இடமாற்றம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் நான் அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னாக்கா, எலெக்சன் கேக்கப் போறியா? மைக்கு ஒன்னயப் பாத்துப் பயந்துரப் போவுது" என்றாள்.

கூட்டத்தில், பாதை போடும் ஆபீஸிலிருந்து வந்த பெரிய ஐயா சிங்களத்தில் பேசினார். கூட வந்த கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார். "பாதை டவுன்லருந்து மதகு மட்டும் வரும். அங்கருந்து எல்லாரும் மெயின் ரோட்டுலயே போகலாம். பொறகு நீர்வீழ்ச்சி பாக்குற எடத்துல திரும்ப ஆரம்பிக்கும். எல்லாருக்கும் சம்மதந்தானே?" டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். உண்மையாகவே எழுந்துவிட்டேன். அந்த நேரம் முன்வரிசையில் இருந்தவர்கள், பெரட்டில் தோட்டத்துத் தொரை கேட்டால் சொல்வதுபோல, "சரிங்க ஐயா" என்றார்கள். பின்னால் இருந்தவர்களும் சொன்னார்கள். என் வாயும் அதையே சொன்னது. நாற்பது வருசம் காலையில் எழுந்து நின்று சொன்ன வார்த்தை. அதற்கு என்னைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் ஆமோதிக்கத்தான் எழுந்தேன் என்று நினைத்து, ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

திரும்பி வரும்போது டீச்சர் ஒரு சொல் திட்டவில்லை. "விடுங்க பெரியம்மா" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ரிப்பன் வெட்டினார்கள். பச்சை பெயின்ட் மதகு வரை பளபளவென்று வந்து, கத்தியால் வெட்டினமாதிரி நின்றது. நாலு மாதம்கூட ஆகவில்லை. மழை நாளில், அதே வளைவில், கொழுந்து லொறி டீச்சரை மண்திட்டோடு சேர்த்து அழுத்திவிட்டது. உயிர் தப்பியது. வலது கால் முழங்காலோடு போய்விட்டது. இப்போது வட்டகொடையில் அம்மா வீட்டில் இருக்கிறார். பார்க்கப் போனபோது பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரித்தார். கூட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் தேநீரைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு வந்தேன். பிறகு போகவில்லை.

பிள்ளைகள் இன்றைக்கும் மதகில் இறங்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவைக் கடக்கிறார்கள். போன வாரம் டவுன் ஆபீஸிலிருந்து ஒரு மிஸ், கேள்வி அச்சடித்த ஃபோமைக் கையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். சைக்கிள் பாதையைப் பற்றி மக்களின் கருத்தாம். "பாதை நல்லமா, நல்லம் இல்லையா? ரெண்டுல ஒன்னு சொன்னாப் போதும் அம்மா" என்றார்.

"நல்லா இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. மதகைப் பற்றியும் வளைவைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "ஐயோ மிஸ், அக்காவுக்கு வயசாயிருச்சு, என்னா கேக்குறீங்கன்னே வெளங்காது. கூட்டத்துலயே எந்திரிச்சி நின்னு சம்மதம் சொன்ன ஆளு அது. நல்லம்னே போட்டுக்கங்க."

மிஸ் சிரித்துக்கொண்டே அடையாளம் போட்டார். நான் இன்னொரு தரம், இன்னும் சத்தமாகச் சொன்னேன். அதற்குள் அவர் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.