பட்டம்மாள் நிறுத்திய பெட்டிகள்

பட்டம்மாளுக்குப் பார்வை போனது முப்பத்தைந்தாவது வயதில். கண்ணில் அழுத்தம் என்றார்கள் டாக்டர்கள். அதற்கு முன் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு, திரும்பும் வழியில் தெருச் சண்டை ஒன்றிரண்டையும் தீர்த்துவைத்தவர் அவர். அதற்குப் பிறகு ஐந்து வருடம் வியாசர்பாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியை விட்டு இறங்கவேயில்லை. கணவர் கோதண்டம் பேசின் பிரிட்ஜ் பக்கம் சுமை ஏற்றும் வேலை பார்க்கிறார். “நீ சும்மா குந்திகினு இரு, நான் பாத்துக்கறேன்” என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். சும்மா உட்காருவதுதான் பட்டம்மாளுக்கு வரவில்லை.

அவரைக் கீழே இறக்கியவர் ஷெர்லின். ராயபுரத்தில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். எர்ணாவூரில் பார்வையற்றவர்களுக்கான பயிற்சி மையம் ஒன்றை நடத்துகிறார். ஆறு தடவை படியேறி வந்தார். ஐந்து தடவை கதவு திறக்கவில்லை. ஆறாவது தடவை பட்டம்மாள் கதவைத் திறந்து, “ஏம்மா, உனுக்கு வேற வேலையே இல்லியா?” என்று கேட்டார்.

“இதுதான் அக்கா என் வேலை. நீங்க வரலன்னா இதுவும் போயிரும்” என்றார் ஷெர்லின், மூச்சு வாங்கியபடி.

பட்டம்மாள் சிரித்துவிட்டார். மறுநாள் வேனில் ஏறினார். அது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது.

மையத்தின் வாடகை, பயிற்சியாளர் சம்பளம், வேன் எல்லாமே ஒரு கம்பெனியின் சமூக நல நிதியிலிருந்து வருகிறது. பயிற்சி முடித்த பதினொரு பேர் அங்கேயே உட்கார்ந்து, பக்கத்துத் தொழிற்சாலைக்காகப் போல்ட், வாஷர், நட்டு மூன்றையும் சேர்த்துப் பாக்கெட் போடுகிறார்கள். பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி. தன் முதல் மாதக் கூலியில் பட்டம்மாள் கோதண்டத்துக்கு ஒரு சட்டை வாங்கினார். என்ன நிறம் என்று கடைக்காரரை மூன்று முறை கேட்டுத்தான் வாங்கினார்.

ஒவ்வொருவர் மேசையிலும் ஆறு தட்டு இருக்கும். கறுப்புச் சரக்கு மூன்று, துத்தநாகம் பூசிய வெள்ளைச் சரக்கு மூன்று. எது போல்ட், எது நட்டு என்று விரல் சொல்லிவிடும். கறுப்பா வெள்ளையா என்பதைத் தட்டு இருக்கும் இடம்தான் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் தட்டுகளுக்கு எண் கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் குழம்பினார்கள். பட்டம்மாள்தான் தட்டுகளுக்குப் பஸ் ரூட்டில் வரும் ஸ்டாப்புகளின் பெயரை வைத்தார். இடக்கோடியில் கல்மண்டபம், கறுப்பு நட்டு. அப்புறம் காசிமேடு வாஷர், தண்டையார்பேட்டை போல்ட். டோல்கேட்டிலிருந்து வெள்ளை. தேரடிக்கு அடுத்து வலக்கோடியில் எர்ணாவூர், வெள்ளை நட்டு. “டோல்கேட்டு காலி” என்று பக்கத்து மேசை உசேன் குரல் கொடுத்தால், வெள்ளை போல்ட் வந்து கொட்டும். உசேன் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு.

மூன்று வருட நிதி மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்க, கம்பெனியிலிருந்து ஜெபசிங் என்ற அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். நீட்டாவிட்டால் வேன் நிற்கும். வேன் நின்றால் பட்டம்மாளுக்கு மறுபடியும் அந்த மூன்றாவது மாடிதான். ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. ஷெர்லின் முந்தின நாள் சாயங்காலமே கூடத்தைக் கழுவி, பேனர் கட்டி, பலூன் தொங்கவிட்டிருந்தார்.

“பலூன் இன்னா கலரு மேடம்?” என்றார் உசேன்.

“மஞ்சள்.”

“மஞ்ச எனுக்கு ஆவாதே.”

காலையிலிருந்தே பாக்கெட் போடும் வேலை நடந்தது. பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலை வண்டி வந்து, விருந்தினர் கண்முன்னாலேயே பெட்டிகளை ஏற்றவேண்டும் என்று ஏற்பாடு. சால்வை போர்த்துவது பட்டம்மாள். “சோப்புப் போட்டுக் கழுவுங்க அக்கா, சால்வையில எண்ணெய் பட்டிரும்” என்று ஷெர்லின் நின்று கையைக் கழுவவைத்தார்.

ஜெபசிங்குக்குச் சால்வை போர்த்திவிட்டு வந்து பட்டம்மாள் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்டையார்பேட்டையில் போல்ட் எடுத்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது. கறுப்புச் சரக்கு எண்ணெய் தடவித்தான் வரும். காசிமேட்டில் வாஷர், அதிலும் எண்ணெய். கல்மண்டபத்தில் நட்டு. உலர்ந்திருந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் உலர்ந்திருந்தது. வலக்கோடிக்குக் கையை நீட்டி எர்ணாவூர் நட்டைத் தொட்டார். பிசுபிசுத்தது. மற்ற நாளில் கை முழுக்க எண்ணெயாக இருக்கும், வித்தியாசம் தெரியாது. இன்று கழுவிய கை காட்டிக்கொடுத்தது.

“டேய் உசேனு, நட்டு மாறிக்கீது.”

“எத்தினி பாக்கெட்டு?”

“காலைலேர்ந்து போட்ட அத்தினியும்.”

“கம்முனு இரு யக்கா. பெரிய மனுசங்க போவட்டும், அப்பால பாத்துக்கலாம்.”

பின்னால் யாரோ கைதட்டினார்கள். பார்வையுள்ள ஒருவருக்கும் இந்தத் தப்பு தெரியவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நிதி வந்துவிடும். அடுத்த வாரம் தொழிற்சாலைக்காரன் பெட்டிகளைத் திருப்பி அனுப்பி, குருடர்களிடம் கொடுத்தது தன் தப்பு என்பான்.

பட்டம்மாள் எழுந்து நின்றார். “சார், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. இந்தப் பொட்டிங்க போவக்கூடாது. உள்ள தப்பா கீது.”

“அக்கா…” என்றது ஷெர்லினின் குரல், பாதி மூச்சில்.

ஜெபசிங் ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். “கறுப்பு போல்ட்டு, வெள்ளை நட்டு. நான் இது இப்படித்தான்னு நெனச்சேன். எப்படி ஆச்சு?”

ஷெர்லின் முன்னால் வந்தார். “நான்தான் சார். கதவுப் பக்கம் பளபளன்னு தெரியட்டும்னு எல்லா மேசையிலயும் வெள்ளை நட்டுத் தட்டை இந்தக் கோடிக்கும், கறுப்பை அந்தக் கோடிக்கும் மாத்தினேன். ஆனா ஒவ்வொரு தட்டுலயும் லேபிள் ஒட்டிருக்கேன், பெரிய எழுத்துல…”

“எழுத்து நல்லாத்தான் இருந்திச்சு மேடம்” என்றார் உசேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. ஷெர்லினும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் அழுகை இருப்பது பட்டம்மாளுக்குக் கேட்டது. கையைத் துழாவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “வுடும்மா. எங்களுக்கோசரம் ஓடிக்கினு கீற, ஒரு நாள் கால் இடறாதா?”

ஜெபசிங் சால்வையை மடித்து வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். தட்டுகள் பழைய இடத்துக்குப் போயின. மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போனது. முந்நூற்றுச் சொச்சம் பாக்கெட்டையும் எல்லோருமாகப் பிரித்து மறுபடி போட்டார்கள். ஜெபசிங் ஒன்று போடுவதற்குள் உசேன் நாலு போட்டார்.

“சார், கூலி கட்டுப்படியாவாது உங்களுக்கு” என்றார் உசேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஷெர்லின் அதைச் சத்தமாகப் படித்தார். நிதி இன்னும் மூன்று வருடத்துக்கு. புதிதாகச் சேர்ப்பவர்களில் இரண்டு பேரைக் குறைத்திருந்தார்கள். வேன் தொடரும். அந்த வரியை மட்டும் பட்டம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

கடிதத்தோடு பயனாளிகள் கருத்து எழுத ஒரு தாளும் இருந்தது.

“சொல்லுங்க அக்கா, எழுதறேன்.”

“வண்டி அனுப்பறதுக்கு, வேலை குடுத்ததுக்கு, கூட குந்தி நட்டு பொறுக்கினதுக்கு அந்த சாருக்கு ரொம்ப நன்றி. என்னைக் கூப்ட ஆறு வாட்டி வந்த ஷெர்லினம்மாவுக்கு அதுக்கு மேல நன்றி.”

“என் பேரு எதுக்கு அக்கா?”

“எழுதும்மா. நீ வுட்டுட்டா எனுக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. உசேனு போன்ல காட்டுனா, அது படிச்சே காட்டிடும்.”

ஷெர்லின் எழுதினார். பேனா நின்றது.

“அப்பால இதையும் போடு” என்றார் பட்டம்மாள். “அடுத்த வாட்டி சொல்லாம வாங்க.”