ரீச்சர் வெட்டவிடாத பெயர்

பாக்கியம் ரீச்சர் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் வரலாற்றுக் கழகத்தின் தலைவர், பழைய தபாலதிபர் சிவக்கொழுந்தர். நான் கரையில் வலையைக் காய விரித்துக்கொண்டிருந்தேன். அவர் மணலில் இறங்குகிற மனிதரல்ல. சப்பாத்துக்குள் மண் போய்விடும் என்று, கரைக்கு வரும் ஒழுங்கையின் முடிவில் நின்றே கூப்பிடுவார். அன்று சைக்கிளை மணலுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். கண்டதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"விடிய ஆஸ்பத்திரியிலை முடிஞ்சுது, செல்லத்துரை" என்றார்.

வலையின் ஒரு தலைப்பை நான் பிடித்திருந்தேன், மற்றத் தலைப்பை அவர் பிடித்தார். அவருக்கு வலை விரிக்கத் தெரியாது. ஆனாலும் கனநேரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ரீச்சரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்காக நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவரும் அவர்தான். கீழே வரப்போகிற சிலதற்கு அவர் கோவிக்கக்கூடாது.

உங்களில் பலருக்கு ரீச்சரைப் பள்ளிக்கூடத்தில் தெரியும். எனக்கு அவரை வாசிகசாலையில்தான் தெரியும். பூரணை நாட்களில் பின்னேரம் கழகம் அங்கே கூடும். ஊரின் பழைய கதை தெரிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். நான் முதன்முதல் போன அன்று, அந்தக் காலத்துப் பாய்க்கப்பல் ஒன்று பருத்தித்துறைக் கரையில் தட்டிய கதையைச் சொல்லத் தொடங்கினேன். ஆட்கள் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் கையை உயர்த்தி மறித்தார்.

"அண்ணை, இது கண்டதோ, கேட்டதோ?"

"கேட்டது. என்ரை அப்பு சொன்னவர்."

"அப்ப அப்புவின்ரை பேரைச் சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையை வெருட்டுகிற மாதிரி என்னையும் வெருட்டுகிறாரே என்று நினைத்தேன். ஆனால் என் தகப்பனான அப்புவின் பெயரைச் சொன்னதும் சபையில் இருந்த இரண்டு கிழவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பு செத்த பிறகு அவருடைய பெயரை வெளியில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த பூரணைக்கும் போனேன்.

சிரிப்புக்கும் அவரிடம் குறைவில்லை. பழம்பொருள் கண்காட்சி வைத்தபோது அவர் வீடு வீடாகப் போய்ப் பித்தளைச் சாமான், பெட்டகம், ஒல்லாந்தர் காலத்துக் காசு எல்லாம் கேட்டு வாங்கினார். அரியாலையில் பெண் எடுத்த எங்கள் நடராசா, "என்ரை மாமியைக் கொண்டுவந்து வைக்கட்டே, ரீச்சர்? அவவிலும் பழசு இந்த ஊரிலை இல்லை" என்றான்.

"வையும். ஆனால் ஆர் தந்த பொருளெண்டு உம்மடை பேரை எழுதி ஒட்டுவன். கண்காட்சி முடிய நீர்தான் திருப்பி எடுக்க வேணும்."

நடராசா அந்தப் பக்கமே பிறகு வரவில்லை.

இனிக் கல்லின் கதைக்கு வருகிறேன். இந்த ஊர்க் கரையிலிருந்து போய்க் கடலில் மாண்டவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி நடுவது என்று கழகம் தீர்மானித்தது. அதில் என் அண்ணை கந்தசாமியின் பெயரும் வர வேண்டும். தனிச் சிங்களச் சட்டம் வந்த வருஷம், மாரி தொடங்க முன்னம் கடைசிப் பயணமென்று காரைக்காலில் ஓடு ஏற்றிக்கொண்டு திரும்பிய வத்தையில், அந்தச் சரக்குத் தோணியில், அவர் இருந்தார். வத்தை வரவில்லை. கூடப் போனவர்களின் சடலங்கள் கரையில் ஒதுங்கின. அண்ணையுடையது ஒதுங்கவில்லை.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், பொட்டை அழிக்கவில்லை, தாலிக்கொடியைக் கழற்றவில்லை. ஊர் முதலில் ஏசியது, பிறகு சிரித்தது, பிறகு விட்டுவிட்டது. கல்லுக்குப் பெயர் கேட்டு ரீச்சர் வீட்டுக்கு வந்தபோது மச்சாள் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, அவரின்ரை பேரைக் கல்லிலை வெட்டினால் அண்டைக்கே நான் பொட்டை அழிக்க வேணும். உங்களுக்கு அது ஒரு பேர். எனக்கு?"

ரீச்சர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை நடந்த கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். சிவக்கொழுந்தர்தான் முன்னுக்கு நின்றார்.

"இவ்வளவு வருஷமாச்சு, ரீச்சர். இனி வருவானே மனுசன்?"

"கந்தசாமி அண்ணை செத்ததைக் கண்ட ஆள் ஆர், போஸ்ற்மாஸ்ரர்?"

"ஒருத்தருமில்லை."

"கண்ட ஆள் சொல்லிக் கேட்ட ஆள்?"

"இல்லைத்தான். அப்ப அந்தப் பேரை விட்டிடுவம்."

"அதெப்பிடி விடுறது? வத்தையிலை போனவர்தானே. ஒரு வரி வெட்டாமல் விடச் சொல்லுங்கோ. எங்களுக்குத் தெரியாதது அவ்வளவுதான்."

காசு கொடுத்து வெறுங்கல் வாங்குகிறோம் என்று பலர் முணுமுணுத்தார்கள். ரீச்சர் அசையவில்லை. வத்தையில் போனவர்களின் பெயர்களுக்கு நடுவே ஒரு வரி வெறுமையாகவே நின்றது.

திறப்பு நாளில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பெயரின் கீழே பூ வைத்தது. மச்சாள் பூக் கொண்டுவரவில்லை. பெரிய பொட்டோடு வந்து, அந்த வெறும் வரியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் நிமிர்ந்து நடந்து போனார்.

இப்போது ரீச்சர் இல்லை. எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த கையோடு கழகம் கூடியது. எல்லாருக்கும் நெஞ்சு கனத்திருந்தது. ரீச்சருக்கு ஏதாவது செய்ய வேண்டும். அந்த வெறும் வரியில் ரீச்சரின் பெயரை வெட்டுவோம், அவர் விட்ட இடம் அவருக்கே போகட்டும் என்று சிவக்கொழுந்தர் சொன்னபோது கண் கலங்கியிருந்தார். சபை முழுவதும் ஓம் என்றது. அன்பில்தான் கேட்டார்கள், எனக்கு அது தெரியும். ஆனாலும் மச்சாளைக் கேட்காமல் உளியை வைக்க வேண்டாம் என்றேன். அப்படியென்றால் நீரே கேட்டு வாரும் என்றார்கள்.

மச்சாள் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ரீச்சர் போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ரீச்சர் கடலுக்குப் போனவவே, தம்பி?"

"இல்லை மச்சாள்."

"ஆஸ்பத்திரியிலை, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கச் செத்தவ. நான் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டனான். அவவுக்கு வேறை கல்லு நடுங்கோ. அதுக்கு நான் பூக் கொண்டுவருவன்." புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "அந்த இடத்தைத் தொடாதேங்கோ. தொட்டால் ரெண்டு பேரையும் ஒரேயடியாச் சாக்காட்டின மாதிரி."

அதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். ரீச்சருக்கு வாசிகசாலை வாசலில் தனிக் கல் நடுவதென்று முடிவானது.

என் வாழ்நாளில் படித்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்தவர் இவர் ஒருவர்தான். அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த வெறும் வரியை. கடற்கரைக்குப் போகிறபோது கல்லடியில் நிற்பேன். மற்றப் பெயர்களை யாராவது விரல் வைத்துக் காட்டினால்தான் எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் நான் தனியே வாசிப்பேன்.