மத்தியானம் பார்த்த ஒயர்

"காலைல ஐஸ் பெட்டியத் தொட்டா ஷாக் அடிக்கிற மாதிரி சுர்ருன்னு கீதுப்பா," என்று செல்வி அக்கா போன் செய்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். அந்தப் பெட்டிக்கு ஒயர் இழுத்த எலெக்ட்ரீஷியன் நான்தான்.

சைதாப்பேட்டை வேலையை முடித்துவிட்டு மத்தியானம்தான் போனேன். ஒயரின் பிளாஸ்டிக் உறை வழியாக மின்சாரம் கசிகிறதா என்று மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கசியவில்லை. "ஒண்ணுமில்லக்கா, உங்களுக்குத்தான் பயம்," என்றேன்.

மறுநாள் விடிந்ததும் பையைத் திறந்தால், நேற்று ஒயரைப் பிடித்த மெகர் கவ்வியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அக்கா தினமும் விடியற்காலையில் பெட்டியைக் கடல் தண்ணீரில் கழுவுவார். வெயிலில் தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு உறையின் வெடிப்புகளில் தங்கிவிடும். மறுபடி ஈரம் பட்டால் அது கரைந்து மின்சாரத்துக்கு வழிவிடும். நான் பார்த்தது காய்ந்த ஒயரை.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. ராயப்பேட்டை வீட்டிலிருந்து வண்டியை விரட்டினேன்.

ஷாக் அடிக்காமலிருக்க அக்கா மரப்பலகை மேல் நின்று மீன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி மெகர் வைத்தேன். முள் பூஜ்யத்தில் விழுந்தது; ஈரமான உறை மின்சாரத்தைக் கொஞ்சமும் தடுக்கவில்லை.

"கயிறு எதுக்குக்கா?"

"வாங்க வர்றவங்க தொட்டுடப் போறாங்கன்னுதான்."

"நீங்க மட்டும் தொடலாமா?"

"நீதான் ஒண்ணுமில்லன்னியே. அத்த நம்பி என் கைய வெப்பேன். மத்தவங்க கைய எப்டிப்பா வெக்கறது?"

இப்போது ஒயரை நனைத்துவிட்டுத்தான் மெகர் வைக்கிறேன். ஒண்ணுமில்லை என்று சொல்ல மட்டும் இன்னும் வாய் வருவதில்லை.