மூன்று பேர் மேல் கட்டிய பிராது

ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. நெய்வேலி நிலக்கரி மைன்ஸ் கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் மண்டையை உடைத்துவிட்டார்கள். அன்று தொடங்கிய கஷ்டத்தையும், கொளஞ்சியப்பர் என் குடும்பத்தைக் காப்பாற்றியதையும் அவரை நம்பும் உங்களிடம் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவதுவரை படித்தவள். தெரிந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீடு வடக்குத்து கிராமத்தில். நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் தெருக்களைக் கூட்டுகிறேன். வீட்டுக்காரருக்கும் என் கொழுந்தன் முருகவேலுக்கும் மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி வேலை. காலையில் கேட்டுக்கு வெளியே அறுபது பேர் நிற்பார்கள். கான்ட்ராக்ட் மேஸ்திரி வந்து முன்னால் நிற்கிற பன்னிரண்டு பேரை எடுப்பார். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் விடியும்போதே போய் ஹெல்மெட்டை வரிசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஹெல்மெட் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அதை யாரும் தொடக் கூடாது.

அன்று டீக்கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், அவசரத்தில் வேறொருவர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். எல்லாமே மஞ்சள். அது பக்கத்து ஊர்க் கலியமூர்த்தியுடையது. பதினொன்றாவது இடம். இவருடையது பதினாலாவது. கலியமூர்த்தி வந்தான். இடத்தைக் காணவில்லை. இவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கீழே கிடந்த கம்பியை எடுத்து அடித்தான்.

பதினொரு தையல். இடது காது இன்னும் கேட்கவில்லை.

கேட்டில் இது முதல் சண்டை இல்லை. ஆனால் கொழுந்தன் கத்தி வாங்கிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை. பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தான். நான் பார்த்துவிட்டேன்.

"அண்ணி, நீங்க குறுக்க வராதீங்க. எத்தினி நாளு தலைய குனிஞ்சிகினு போறது?"

"ஒனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது."

"தெரியும்."

அவ்வளவுதான் பேசினான். நானும் நல்லதாக வேண்டவில்லை. கலியமூர்த்தி கை விளங்காமல் போக வேண்டும் என்றுதான் வேண்டினேன்.

விருத்தாசலம் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது உங்களுக்குத் தெரியும். நமக்கு நடந்ததைத் தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்ட வேண்டும். மூன்று மாதத்தில் தீர்ப்பு வரும். தீர்ந்ததும் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு ராஜினாமா என்று பேர். கட்டிவிட்டால் அது சாமி வழக்கு, நாம் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். முருகவேலிடம் அதைச் சொன்னேன்.

"சரிங்க அண்ணி. தொண்ணூறு நாளு. தொண்ணூத்தோராவது நாளு நான் யாரையும் கேக்க மாட்டேன்" என்றான்.

அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். பிராது எழுதும் முறை எனக்குத் தெரியாது. வாசலில் பூ விற்கும் பெண்தான் எழுதிக் கொடுத்தாள்.

"யாரு மேல?"

"கலியமூர்த்தி மேலங்க. எங்க வூட்டுக்காரர அடிச்சிட்டாரு."

"எதுக்கு?"

"ஹெல்மெட்டு மாறிப்போச்சுங்க."

"மாத்தி எடுத்தது யாரு?"

"எங்க வூட்டுக்காரருதான்."

பேனாவைத் தூக்கிவிட்டாள். "அப்போ அவரு பேரயும் எழுதணும். சாமிகிட்ட பாதிய மறைக்கக் கூடாதும்மா."

"நீ பூ விக்கிறியா, ஜட்ஜு வேல பாக்கிறியா?" என்றான் முருகவேல்.

"பூவுதான் விக்கிறேன். நீ வாய மூடினீன்னா தாளு வீணாவாம எழுதுவேன்." என் பக்கம் திரும்பினாள். "ஹெல்மெட்ட எதுக்கு வரிசையில வெக்கிறாங்க?"

"முன்னாடி நிக்கிறவங்களத்தாங்க மேஸ்திரி எடுப்பாரு."

"அவரு பேரு?"

அப்போதுதான் எனக்குப் பழையதெல்லாம் நினைவு வந்தது. கலியமூர்த்தி குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போனது. அந்த நிலத்தில் நடவு நட்டது நாங்கள். அவனுக்கு நிலம் போன அன்றே எங்களுக்கு வேலை போனது. இப்போது இரண்டு பேரும் ஒரே கேட்டில் இடித்துக்கொண்டு நிற்கிறோம்.

மேஸ்திரி பேரையும் சொன்னேன். மூன்று பேர் ஆனது. என்ன வேண்டும் என்று கேட்டாள். கலியமூர்த்தி கையைக் கேட்கத்தான் போனேன். "யாரும் யாரையும் தள்ளாம வேலைக்குப் போவணும்" என்று வாயில் வந்தது. அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சாமி சொல்ல வைத்தது.

கட்டிவிட்டு வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது நாள் கழித்துக் கேட்டில் மறுபடி அடிதடி. ஒருவருக்குப் பல் போனது. முருகவேல் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எண்ணிக்கை சொல்வான். "அம்பத்தெட்டு, அண்ணி." "அறுவத்திரெண்டு." நான் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன்.

எழுபத்து மூன்றாம் நாள் நான் தெருக் கூட்டுகிற இடத்துக்கு மேஸ்திரி பைக்கில் வந்தார். பிராதில் அவர் பேரும் இருப்பதை முருகவேல் டீக்கடையில் சொல்லியிருக்கிறான்.

"ஏம்மா, என் பேர எதுக்கு சாமிகிட்ட எழுதின? நான் யாரு மண்டையையாவது ஒடச்சனா? என் சம்சாரம் ரெண்டு நாளா அழுதுகினு கெடக்கிறா. எடுத்துடு."

"தீந்தாதாங்க ராஜினாமா."

"என்னா தீரணும்?"

"எல்லாரு பேரயும் எழுதி முறைப்படி கூப்புடுங்க. இன்னிக்கு பன்னெண்டு பேரு, நாளைக்கு அடுத்த பன்னெண்டு பேரு."

"நானா பாத்து எடுக்கலன்னா எவன் என்ன மதிப்பான்?"

கூட்டிக்கொண்டே போனேன். அந்தத் தெரு முழுக்கக் கூட்டி முடிக்கும்வரை வண்டியோடு நின்றார். பிறகு, "நோட்டுல எழுதினா போதுமா?" என்றார்.

"போதுங்க."

அடுத்த வாரம் நோட்டு வந்தது. எண்பத்து நான்காம் நாள் கலியமூர்த்தி பேரும் முருகவேல் பேரும் ஒரே பன்னிரண்டில் வந்துவிட்டன. எனக்குத் தகவல் வந்தபோது இருவரும் கேட்டுக்குள்ளே போய்விட்டார்கள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்று வேண்டினேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். குளித்தான். சோறு கேட்டான்.

"அவன் இருந்தானா?"

"இருந்தான். கரி போற பெல்ட்டுக்கு அந்தாண்ட அவன், இந்தாண்ட நான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? சிந்தின கரிய வாரிப் போட்டோம். அஞ்சு நாளைக்கு ஒருக்கா பேரு வருது. அதயும் எவனாவது கெடுத்துக்குவானா?"

அன்று அவன் நாள் எண்ணிக்கை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. கத்தியை நானே எடுத்துப் போய்க் குட்டையில் போட்டேன். அவன் கேட்கவில்லை.

கலியமூர்த்தி எங்களோடு பேசுவதில்லை. பரவாயில்லை. ஹெல்மெட்டை யாரும் வரிசையில் வைப்பதில்லை. அதன் பிறகு கேட்டில் ரத்தம் விழவில்லை. நானும் மாறிவிட்டேன். யாருக்கும் கெடுதல் வேண்டுவதில்லை.

கோயிலுக்குப் போய் மூன்று பேர் மேலும் ராஜினாமா கொடுத்தேன். ஆனால் ஐந்து நாளைக்கு ஒரு நாள் வேலையில் ஒரு வீடு பிழைக்காது. அதனால் அன்றே இன்னொரு பிராது எழுதினோம். "யாரு மேல?" என்று பூக்காரப் பெண் கேட்டாள். "தெரியலங்க" என்றேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டு மற்றதை எழுதினாள். காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது கத்தி வாங்கி வைத்திருந்தால் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடந்ததை எழுதுங்கள். எதற்கு நடந்தது என்பதையும் எழுதுங்கள். உங்கள் பக்கத்துத் தப்பை மறைக்காதீர்கள். என் பிராதுக்குக் காது கொடுத்த சாமி உங்களுக்கும் கொடுப்பார்.