பத்திரமா வை

தலைவர் பதவியில் இருந்த காலம் முழுக்க, அவருடைய கார் டிரைவரைத் தெருவே 'சின்னத் தலைவர்' என்று கூப்பிட்டது. அதில் பாதி கிண்டல் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கார்க் கண்ணாடியைத் துடைப்பதில்கூட அவருக்கு ஒரு மிடுக்கு.

பதவி போயிற்று. அலுவலகத்தைக் காலி செய்த அன்று டிக்கி கொள்ளாமல் அட்டைப்பெட்டிகள். சிலவற்றின் மேல் 'இரகசியம்' என்று சிவப்பு முத்திரை.

"இதெல்லாம் அரசாங்கத்துதாச்சே ஐயா" என்று இழுத்தார் டிரைவர்.

"எல்லாத்தையும் பத்திரமா வை" என்றார் தலைவர், பின்சீட்டிலிருந்து.

டிரைவர் தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் பழைய டயர்களுக்குப் பின்னால் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினார். அரசாங்கம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் போலீஸ் வந்து தார்ப்பாயைத் தூக்கியது. தலைவர்மேல் வழக்கு.

தலைவரின் வக்கீல் பலே ஆள். டிரைவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "ஐயா 'பத்திரத்தை மட்டும் வை'ன்னுதான் சொன்னாரு. வீட்டுப் பத்திரத்தை. மத்ததைத் திருப்பி அனுப்பச் சொன்னாரு. உன் காதுல தப்பா விழுந்திருக்கு. அவ்வளவுதானே?"

"இல்லீங்க, ஐயா தெளிவாத்தான்..."

"அவ்வளவுதானே?"

"நடந்ததைச் சொல்லிட்டு வாங்க, போதும்" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள். மகள் கோர்ட்டுக்குக் கூடவே வந்து உட்கார்ந்திருந்தாள். கூண்டில் ஏறியவர் தலைவரைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதருக்கு அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தங்க. தப்பாக் கேட்டுட்டேன்."

மகள் தலை குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் எப்படி இறங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை.

தலைவர் தப்பித்தார். மறுநாள் வேலைக்குப் போனால், மேனேஜர் சாவிக்குக் கையை நீட்டினார். "காது கேக்காத ஆளை நம்பி ஐயா எப்படி வண்டியில ஏறுவாரு?"

வெட்கக்கேடு, அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார். இப்படியும் ஒரு மனிதனா என்று நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்குள் நுழையும்போது மனைவி அடுப்படியில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "யாருக்கோ வாலாட்டப் போய், பெத்த பொண்ணைத் தலைகுனிய வச்சாச்சு."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோர்ட்டே நம்பிய பொய்தானே.

"விழுந்துச்சு" என்றார்.