சனிக்கிழமை மீன்பிடிப்பு

ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டனில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த டீகன், துணைப்பாடமாகத் தடயவியல் உளவியலை எடுத்ததிலிருந்து அப்பா டெஸ் மீது சந்தேகப்பட ஆரம்பித்தாள். சனிக்கிழமைதோறும் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறவர் மீனோடு வந்ததே இல்லை. போட்டுக்கொண்டு போவதோ இஸ்திரி போட்ட சட்டை. வேறு யாராவது பெண் இருக்கிறாளோ என்று அவள் நினைத்தாள்.

பார்வையை வைத்துப் பொய்யைப் பிடிக்க முடியாது, பொதுப்படையாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"இன்னைக்கு ஆத்துல என்னப்பா நடந்துச்சு?"

"ஒண்ணும் மாட்டல."

டீகன் வாயைத் திறக்கவில்லை.

"என்னடி, போலீஸ்காரி மாதிரி பாக்குற?" என்று சிரித்த டெஸ், அவள் சிரிக்காததைக் கண்டு உட்கார்ந்துவிட்டார். "உன் சித்தப்பா நீல், நான் சொன்ன மாதிரி பெர்த்ல இல்லம்மா. இங்க ஜெயில்லதான் இருக்கான். குடிச்சிட்டு வண்டி ஓட்டுனதுல ஒரு பொண்ணு செத்துப்போச்சு. அவனைப் பாக்கத்தான் போறேன். ஒரு வாரம்கூட விட மனசு வரல."

ஒரு வாரம்கூட விடாதது பாசமாக அல்ல, குற்றவுணர்வாகவே டீகனுக்குப் பட்டது.

"வண்டிய ஓட்டுனது சித்தப்பாதானா?"

டெஸ் சட்டையின் இஸ்திரி மடிப்பை நீவிவிட்டார்.

"கோர்ட்டுல அவன் அப்படித்தான் சொன்னான்."

அடுத்த சனிக்கிழமை டீகனும் காரில் ஏறிக்கொண்டாள். டெஸ் வேண்டாமென்று சொல்லவில்லை.