டிரைவர் கோவிந்தனின் காலை மாத்திரை

ஏற்காடு மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். பிபி, சுகர் பார்ப்பது, டாக்டர் எழுதும் மாத்திரையைக் கொடுப்பது, மாரடைப்பும் பக்கவாதமும் வருமுன் ஆட்களைப் பிடித்துவிடுவது, இதுதான் என் பிரிவின் வேலை. வாரத்தில் ஒரு நாள் கிராமத்தில் முகாம்.

ஒரு மழைக்காலத்தில் நாகலூர் முகாமுக்காக முதல் மினி பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் கோவிந்தன் எங்கள் பேஷண்ட். சுகர் ஏறிக்கிடந்ததால் டாக்டர் அதை வேகமாக இறக்கும் மாத்திரை ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார். நான் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

வழியில் ஒரு எஸ்டேட் ஸ்டாப்பில் கண்டக்டர் மணி விசில் கொடுத்தார். பஸ் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். கோவிந்தன் திரும்பவே இல்லை. பனி மூடிய குளிரில் அவருடைய காக்கிச் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன். நாக்குக் குழறி ஏதோ சொன்னார். முன்னால் வளைவு தெரிந்தது.

மணியை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கோவிந்தன் காதருகில் குனிந்து, "பிரேக்க மிதிங்க கோவிந்தன், பிரேக்க மிதிங்க" என்று விடாமல் சொன்னேன். எப்படியோ மிதித்தார். முன்சக்கரம் சாலையோர ஓடையில் இறங்கி, வண்டி மலைப்பக்க மேட்டில் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை.

விடியும்போதே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று பயணி ஒருவர் கோவிந்தன் சட்டையைப் பிடித்தார். வாயை முகர்ந்து பார்த்தேன், சாராய வாசனை இல்லை. முகாம் பையிலிருந்த குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தேன். நாற்பத்திரண்டு காட்டியது; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

அவரால் விழுங்க முடிந்தது. கடைச் சாமான் வைத்திருந்த ஒரு அம்மாவிடம் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கலக்கினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சிஸ்டர், சர்க்கரை நோவுக்காரருக்குச் சர்க்கரையவே குடுக்கறீங்களே?"

"இப்ப ஒடம்புல சர்க்கரை நொம்பக் கொறஞ்சு போச்சுங்க. அதான் குடுக்கறேன்."

கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் பார்வை தெளிந்தது. கோவிந்தன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நாகலூர் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். சட்டையைப் பிடித்தவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

பிறகு விசாரித்தேன். மாத்திரைக் கவரில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருந்தது. விடியுமுன் மாத்திரையை வரக்காப்பியோடு போட்டுக்கொண்டு வண்டியை எடுத்திருக்கிறார். டிபன், இரண்டு டிரிப் முடித்து டவுனுக்குத் திரும்பிய பிறகுதான். எழுதியபடிதான் செய்திருக்கிறார்.

"ஓனருக்குச் சொல்லிராதீங்க சிஸ்டர். சீக்காளின்னு ஊட்டுக்கு அனுப்பிருவாரு."

பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையில் போகிறவர் அவர். மறைக்க முடியாது என்று சொன்னேன். தனியாக விடாமல் நானும் ஓனரிடம் போனேன். ஓனர் அவரை நிறுத்திவிடத்தான் பார்த்தார். டாக்டர் அந்த மாத்திரையை மாற்றி, சுகர் ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்று தான் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். நான் கேட்டுக்கொண்டதால், அதுவரை ஸ்டாண்டில் டைம் பார்க்கும் வேலையை ஓனர் கொடுத்தார்.

கோவிந்தனுக்கு அது பெரிய தலைகுனிவு. தான் ஓட்டிய வண்டிக்குத் தானே விசில் ஊதி அனுப்ப வேண்டியிருந்தது. என் மேல் கோபம். மாத்திரை வாங்க மனைவியை அனுப்பினார். டெஸ்ட்டுக்கு மட்டும் வருவார், விரலை நீட்டுவார், பேசமாட்டார். மூன்றாம் மாதம் டாக்டர் சரி என்றார். சாப்பிட்டுவிட்டு ஏறும்படி ஒன்பது மணி டிரிப்பிலிருந்து அவருக்கு வண்டி கிடைத்தது. விடியல் டிரிப் வேறு டிரைவருக்குப் போய்விட்டது. கோவிந்தன் என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. நாம் 'காலை' என்று எழுதுகிறோம். காபி பறிக்கும் பெண்ணுக்குக் காலைச் சோறு பத்து மணிக்கு மரத்தடியில், ராத்திரி வாட்ச்மேனுக்குக் காலை என்பது தூங்கப் போகும் நேரம். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், முதல் வாய் சோறு எப்போது என்று கேளுங்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு மாத்திரையைக் கையில் கொடுங்கள்.